அடித்தல் திருத்தல்

இந்தத் தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் வேலையும் பார்க்கிற காலம் இது. முந்தின நாள் இரவு அதிரசத்துக்குப் பாகு பதம் வந்துவிட்டதா இல்லையா என்று சமையலறையில் பெரிய விவாதம். இவளோ ஹாலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ, "அந்த வரியை யார் மாத்துனதுன்னு பிளேம் போட்டுப் பாருங்க, தெரிஞ்சுடும்" என்றாள். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. "மார்ச்ல மாத்தியிருக்காங்க. காரணமும் எழுதியிருக்கு. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

"பிளேம்னா பழி போடறதாம்மா?" என்று கேட்டேன்.

"அது ஒரு கட்டளைப்பா. எந்த வரியை யாரு, எப்போ கடைசியா மாத்துனாங்கன்னு காட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1986 தீபாவளி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்கு, நான் கோவைப் பக்கம் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது தெரியும். மில்லின் பெயர் வேண்டாம். சம்பளம், பி.எஃப்., போனஸ் எல்லாம் கோபால் மொழியில் எழுதிய புரோகிராம்கள். எழுதுவது, திருத்துவது, ஓட்டுவது எல்லாம் நாங்கள் மூன்று பேர். நான், எனக்கு மேலே ஒரு சீனியர், புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பையன்.

போனஸ் சட்டப்படி ஒரு கணக்காண்டில் 30 வேலை நாட்களுக்குக் குறையாமல் வேலை பார்த்தவருக்குத்தான் போனஸ். "குறையாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியாக 30 நாள் வந்தவருக்கும் உண்டு. எங்கள் புரோகிராமில் அது "நாட் லெஸ் தேன் 30" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வருஷம் யாரோ அதை "கிரேட்டர் தேன் 30" என்று மாற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. அடி விழுந்தது பதிலித் தொழிலாளர்கள் மேல். கேட்டுக்கு வெளியே காத்திருந்து, ஆள் வராத அன்றைக்கு உள்ளே கூப்பிடப்படுபவர்கள். அவர்களில் சரியாக 30 நாள் கணக்கு வந்த 11 பேருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மற்றவர்கள் கவர் வாங்கிக்கொண்டு போக, இந்த 11 பேரும் டைம் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மாவின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பணம் இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தார்கள். தீபாவளி முடிந்துவிட்டிருந்தது.

யார் மாற்றியது என்று விசாரணை வந்தது. எங்களிடம் ஃபிளாப்பியில் போனஸ், போனஸ்1, போனஸ்புதுசு, போனஸ்சரி என்று நான்கு ஃபைல்கள். எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போவோம். முந்தின வருஷத்து ஃபிளாப்பியின் மேலேயே இந்த வருஷத்தைப் பதிந்திருந்தோம், ஃபிளாப்பி விலை அப்படி. கடைசியில் "புதுப் பையன்தான், வேறு யார்" என்று முடிவானது. அவனுடைய வேலை உறுதியாகவில்லை. பொங்கலுக்குள் போய்விட்டான்.

நானும் அந்த மாதம் அந்தப் புரோகிராமைத் தொட்டிருந்தேன். நீளமான நிபந்தனைகளைச் சுருக்கி எழுதுவது என் பழக்கம். அந்த வரியை நான் மாற்றினேனா? சத்தியமாகத் தெரியவில்லை. மாற்றவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. விசாரணையில் என்னிடம் கேட்டபோது "எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் போதுமான உண்மையும் இல்லை.

மகளிடம் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தச் சங்கதிக்கு வெர்ஷன் கன்ட்ரோல் என்று பெயர். நம் ஊரில் கிரயப் பத்திரம் எழுதும்போது கடைசியில் "அடித்தல் திருத்தல் இல்லை" என்று போடுவார்கள். இருந்தால், எத்தனையாவது பக்கத்தில் எந்த வரியில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பத்திரத்துக்கு மூலப் பத்திரம் உண்டு, அதற்கு முந்தின மூலப் பத்திரம் உண்டு. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் நிலம் யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் போனது என்று வரிசையாக வந்துவிடும். புரோகிராமுக்கும் அதே ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அழிக்காமல், ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, ஏன் என்ற குறிப்போடு சேர்த்து வைப்பது. வேண்டும்போது முந்தின நிலைக்குத் திரும்பிப் போவது.

நான் ஃபிளாப்பியோடு மல்லுக்கட்டிய காலத்துக்கு முன்பே இது வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. 1972-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற ஒன்றை ஐ.பி.எம். 370 இயந்திரத்தில் எழுதினார். பிறகு யூனிக்ஸுக்கு மாற்றி எழுதி, 1975-ல் ஒரு கட்டுரையாகவும் வெளியிட்டார். ஒவ்வொரு பதிப்பையும் முழுசாகச் சேர்த்து வைத்தால் இடம் பற்றாது. ஆகவே முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரே ஃபைலுக்குள் அடுக்கி வைத்தார். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் நூல் முழுவதையும் திரும்ப அச்சிடாமல் பாடபேதத்தை மட்டும் அடிக்குறிப்பில் கொடுத்தார்கள் அல்லவா, அதுபோல.

எண்பதுகளின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்று ஒன்றைச் செய்தார். எல்லோருக்கும் அடிக்கடி தேவைப்படுவது கடைசிப் பதிப்புதான் என்பதால் அதை முழுசாக வைத்துவிட்டு, பழையதுக்குப் போகும் வழியை வித்தியாசங்களாக வைத்தார். எளிய யோசனை, ஆனால் வேகம் கூடிவிட்டது. இந்த இரண்டிலும் இருந்த சங்கடம், பூட்டு. ஒருவர் ஃபைலை எடுத்துத் திருத்தும்போது அது பூட்டப்பட்டுவிடும், அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் தொட முடியாது. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட மாமியார் கதைதான்.

அந்தப் பூட்டை உடைத்தது ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாத்தியார். டிக் க்ரூன் என்று பெயர். 1984-85ல் அவரும் அவருடைய இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் காலை ஒன்பது முதல் ஐந்து வரை ஒழுங்காக உட்காருகிறவன். இன்னொருவன் எப்போது வருவான் என்றே தெரியாது. வாத்தியாருக்கு இரவில்தான் நேரம். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் வேலை ஓடாது. அவரவர் தன் பிரதியில் திருத்தட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சி.வி.எஸ். என்பதை எழுதி 1986-ல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். இருவர் வெவ்வேறு இடத்தில் கை வைத்திருந்தால் அதுவே சேர்த்துவிடும். ஒரே வரியில் இருவரும் கை வைத்திருந்தால் மட்டும் நின்று, "நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று மனிதரிடம் விட்டுவிடும். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1986. நாங்கள் நான்கு ஃபிளாப்பியை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு முழித்த அதே வருஷம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் ஆரம்பித்த லினக்ஸ், பத்து வருஷத்துக்குள் உலகம் முழுவதும் சர்வர்களில் உட்கார்ந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பத்து வருஷமும் டோர்வால்ட்ஸ் இப்படிப்பட்ட கருவி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் திருத்தங்கள் ஈமெயிலில் வரும், அவர் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார். சி.வி.எஸ்.ஸை அவருக்கு ஆகவே ஆகாது. வேலை மலைபோல் குவிந்து, அனுப்பிய திருத்தங்கள் காணாமல் போகின்றன என்று பலரும் முணுமுணுத்த பிறகு, 2002-ல் லாரி மெக்வாய் என்பவரின் நிறுவனம் செய்த பிட்கீப்பருக்கு மாறினார். அது விலைக்கு விற்கிற சரக்கு. லினக்ஸ்காரர்களுக்குச் சில நிபந்தனைகளோடு இலவசமாகக் கொடுத்தார்கள். நிபந்தனைகளில் ஒன்று, இதைப் பயன்படுத்துகிறவர் போட்டிக் கருவி செய்யக்கூடாது என்பது. அது பிடிக்காதவர்களும் பார்க்கட்டும் என்று லினக்ஸின் நகல் ஒன்று சி.வி.எஸ்.ஸிலும் வைக்கப்பட்டது. அசல் ஒரு வீட்டில், நகல் பக்கத்து வீட்டில்.

2003 நவம்பர் முதல் வாரம். நகலும் அசலும் ஒத்துப்போகின்றனவா என்று இயந்திரம் வழக்கமாகச் செய்யும் சோதனையில், ஒரு ஃபைல் ஒத்துப்போகவில்லை. நகலில் இரண்டு வரி கூடுதல். அசலில் அதற்குப் பதிவே இல்லை. நகல் இருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து நேரடியாகச் செருகியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு வரி பார்ப்பதற்கு மிக ஒழுங்கானவை. ஒரு புரோகிராம் தான் தொடங்கிவைத்த இன்னொரு புரோகிராம் முடியும்வரை காத்திருக்கும் இடத்தில் அவை இருந்தன. இன்ன இரண்டு விருப்பங்களைச் சேர்த்துக் கேட்டு, கேட்பவரின் எண்ணும் பூஜ்யமாக இருந்தால், தவறு என்று திருப்பி அனுப்பு. இப்படித்தான் படிக்கும். யூனிக்ஸ் குடும்பத்தில் பூஜ்யம் என்பது சர்வ அதிகாரம் உள்ளவரின் எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் "சமமா?" என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் அது கேள்வி இல்லை, கட்டளை. "பூஜ்யம் ஆக்கு" என்று அர்த்தம். அங்கே ஒன்றுதான் இருந்தது. அந்த இரண்டு விருப்பங்களைச் சேர்த்துக் கேட்கத் தெரிந்த எவனும், கேட்ட கணத்திலேயே அந்தக் கம்ப்யூட்டருக்கு முதலாளி.

ஒரு சமக்குறி! கை தவறி விட்டது என்று சொன்னால் நம்பிவிடலாம். அதுதான் அதிலுள்ள சாமர்த்தியம். கண்ணால் படித்த எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள்? நான் தாண்டியிருப்பேன். பிடிபட்டதற்குக் காரணம் யாருடைய கூர்மையான பார்வையும் இல்லை. எப்படி வந்தது என்ற வரலாறு அந்த இரண்டு வரிக்கு இல்லை, அவ்வளவுதான். மூலப் பத்திரம் இல்லாமல் கிரயப் பத்திரம் மட்டும் நீட்டுகிறவனை ரிஜிஸ்தர் ஆபீசில் என்ன பார்வை பார்ப்பார்களோ, அதே பார்வைதான் இதற்கும் கிடைத்தது. அசல் கெடவில்லை. லினக்ஸ் தப்பித்தது. செய்தது யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை.

பிட்கீப்பரோடு உறவு நீடிக்கவில்லை. சம்பா என்ற மென்பொருளை எழுதிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய ஒரு கருவியை எழுத ஆரம்பித்தார். மெக்வாய்க்குக் கோபம், இலவசத்தை நிறுத்திவிட்டார். டோர்வால்ட்ஸ் கூட டிரிட்ஜெலைத்தான் கடிந்துகொண்டார். 2005 ஏப்ரலில் கான்பெராவில் நடந்த ஒரு மாநாட்டில் டிரிட்ஜெல் தான் செய்ததை மேடையிலேயே காட்டினாராம். அந்தச் சர்வருக்கு ஒரு சாதாரண இணைப்புப் போட்டு "ஹெல்ப்" என்று தட்டினார். கட்டளைகளின் பட்டியலை அது தானாகவே கக்கியது. கதவு தட்டினேன், வீட்டுக்காரரே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்கிற மாதிரி. இதில் யார் பக்கம் நியாயம் என்று மகளும் நானும் ஒரு காபி நேரம் முழுக்கச் சண்டை போட்டோம். நான் டிரிட்ஜெல் பக்கம்.

கருவி போனது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ம் தேதி உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ம் தேதி, தான் எழுதிக்கொண்டிருந்த கருவியைக் கொண்டே அந்தக் கருவியின் திருத்தங்களைப் பதியத் தொடங்கிவிட்டார். அதுதான் என் மகள் பயன்படுத்துகிற கிட். ஆங்கிலேயர் வழக்கில் அந்தச் சொல்லுக்கு எரிச்சலூட்டும் ஆசாமி என்று பொருள். என் படைப்புகளுக்கெல்லாம் என் பெயரையே வைக்கிறேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். ஜூன் மாதமே லினக்ஸின் புதுப் பதிப்பு அதன் வழியாக வெளிவந்தது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இப்படி விட்டுக்கொடுத்துப் போகிறவர்களை நான் என் சர்வீசில் அதிகம் பார்த்ததில்லை.

கிட் எப்படி வேலை செய்கிறது என்று மகள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண். அது நாம் கொடுப்பது இல்லை. புரோகிராமின் உள்ளடக்கம், திருத்தியவர் பெயர், தேதி, காரணம், இதற்கு முந்தின திருத்தத்தின் எண், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் கணக்கிட்டு வருவது. பழைய ஏட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். அது மாறினால் அடுத்ததன் எண் மாறும், அதற்கடுத்தது, இன்றுவரைக்கும். முழு வரலாறும் ஒரு சர்வரில் மட்டும் இல்லாமல், வேலை செய்கிற ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆயிரம் வீட்டுப் பரணில் ஒரே பத்திரத்தின் நகல் இருந்தால் எவன் திருத்துவான்? 2003-ல் செய்த அந்த இரண்டு வரி வேலையை இதில் சத்தமில்லாமல் செய்வது மகா கஷ்டம்.

இதற்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. எண் கணக்கிடும் அந்த முறையில் இரண்டு வெவ்வேறு ஃபைல்களுக்கு ஒரே எண் வரவைக்க முடியும் என்று 2017-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் கூகுள்காரர்களும் செய்தே காட்டினார்கள். அதன் பிறகு காப்பு ஏற்பாடு சேர்த்திருக்கிறார்கள். அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறு ஒன்று. திருத்தியவர் பெயர் என்று பதிவது, அவர் தன் கம்ப்யூட்டரில் என்ன பெயர் கொடுத்து வைத்திருக்கிறாரோ அதுதான். தனியாக மின்கையெழுத்துப் போட்டால் ஒழிய, நான் உங்கள் பெயரில் பதிந்துவிட முடியும்.

"அப்ப, எங்க மில்லுல இது இருந்திருந்தா?" என்று மகளைக் கேட்டேன். அதுவரை அவளுக்கு இந்தக் கதை தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"மூணு பேரும் ஒரே பேர்லதானப்பா உள்ள போனீங்க. அந்த ஒரே பேரைத்தான் காட்டியிருக்கும்."

"அப்ப பிரயோஜனம் இல்லையா?"

"எந்தத் தேதி, எத்தனை மணின்னு காட்டியிருக்கும். அந்த நேரத்துல ஷிஃப்ட்ல யாரு இருந்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல இருந்திருக்கும்ல? அதைவிட, போனஸ் போடறதுக்கு முன்னாடி போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டிருப்பீங்க. ஒத்தை வரி வந்து நின்னிருக்கும். அந்த பதினோரு பேரும் வாசல்ல நின்னிருக்க மாட்டாங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் யார் செய்தது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கருவிகளில் இன்னொன்றான சப்வெர்ஷனில் பிளேம் என்ற கட்டளைக்கு "பிரெய்ஸ்", அதாவது பாராட்டு, என்றும் ஒரு பெயர் உண்டாம். எதைத் தட்டினாலும் ஒரே பட்டியல்தான் வரும் என்றாள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தப் பையனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். பையன் என்ன, அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். நலம் விசாரித்து முடித்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த வரியை நான் மாற்றியிருக்கலாம், அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று.

எதிர்ப்பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கே ஞாபகம் இல்லைங்கண்ணா" என்றார் பிறகு. "எல்லாரும் நான்தான்னு சொன்னாங்க. நானும் நான்தான்னு நெனச்சுட்டேன். இத்தன வருஷமா அப்படித்தானுங்க நெனச்சுட்டு இருக்கேன்."

அடுத்த வாரம் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மனைவி அதிரசம் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாள்.